ஓடை யாருடையது? கரை யாருடையது?

ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். அமெரிக்க நகரம் ஒன்றின் புறநகரில் இருக்கிறது அந்த வீடு. பின்புறம் தோட்டம். தோட்டத்தின் முடிவில், சிறுவர்கள் தாண்டிக் குதித்துவிடக் கூடிய சிற்றோடை. வாங்கிய நாளில் ஓடைக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே அறுபது அடி நிலம் இருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அளந்து பார்த்தால் இருபத்தைந்து அடிதான் மிஞ்சியிருக்கிறது. வேலி ஓடைக்குள் கிடக்கிறது. நிழல் தந்த மரம் வேருடன் சாய்ந்துவிட்டது. தாண்டிக் குதித்த ஓடை இப்போது ஏணி வைத்து இறங்க வேண்டிய பள்ளமாகிவிட்டது.

வீட்டுக்காரர் மாநகராட்சிக்கு எழுதுகிறார். ஓடை தங்கள் சொந்த நிலத்தில் ஓடுகிறது, அங்கே மாநகராட்சிக்கு வடிகால் உரிமை எதுவும் எழுதித் தரப்படவில்லை, ஆகவே கரையைப் பேணுவது தங்கள் பொறுப்பே என்று பதில் வருகிறது.

வீடு கற்பனைதான், பதில் கற்பனையன்று. சொற்கள் ஊருக்கு ஊர் மாறினாலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரங்கள் பலவற்றில் வடிகால் கொள்கையின் அடிப்படை விதி இதுவே. (நம் நாட்டு ஆங்கிலத்தில் 'கிரீக்' என்றால் கடல்நீர் ஏறும் கழி. அமெரிக்காவிலோ அது சிற்றோடையைக் குறிக்கும். இங்கே நாம் பேசுவது அந்தச் சிற்றோடையைப் பற்றித்தான்.)

விதி தெளிவாக இருக்கிறது. நிலம் யாருடையதோ கரையும் அவருடையதே என்பதில் சட்ட நூலார் குறை காண்பது அரிது. ஆனால் அறிவியலின் கண்ணால் பார்த்தால் இந்த விதி பிழையான இடத்தில் கோடு கிழிக்கிறது. அது எப்படி என்பதைப் பார்ப்போம்.

ஓடை தன் அளவைத் தானே அமைத்துக் கொள்கிறது

வண்டல் மண்ணில் ஓடும் ஓடைக்கு அகலத்தையும் ஆழத்தையும் யாரும் வெட்டிக் கொடுப்பதில்லை. தான் சுமக்க வேண்டிய நீருக்கும் மண்ணுக்கும் ஏற்ப அது தன் பாதையைத் தானே வெட்டிக் கொள்கிறது. எப்போதோ ஒரு முறை வரும் பெருவெள்ளத்துக்காக அது தன்னை அமைத்துக் கொள்வதில்லை. ஏறத்தாழ ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒரு முறை கரை நிறைய வரும் நடுத்தர வெள்ளமே பெரும்பாலும் ஓடையின் வடிவத்தை முடிவு செய்கிறது.

1955-இல் எமரி லேன் என்ற அமெரிக்கப் பொறியியலார் இதை ஒரு தராசாக விளக்கினார். ஒரு தட்டில் மண்ணின் அளவும் அதன் பருமனும். மறு தட்டில் நீரின் அளவும் ஓடையின் சரிவும். இரண்டும் சமமாக இருந்தால் ஓடை அமைதியாக இருக்கும். நீர் கூடினாலோ, வந்து சேரும் மண் குறைந்தாலோ தராசு சாயும். அப்போது ஓடை தன் அடித்தளத்தை அரித்துச் சரிவைக் குறைத்துக் கொண்டும், கரையைத் தின்று மண்ணைச் சேர்த்துக் கொண்டும் மீண்டும் சமநிலையைத் தேடும்.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: தராசின் தட்டில் கை வைத்தவர் யார்?

கூரையும் சாலையும் செய்யும் வேலை

காட்டிலும் புல்வெளியிலும் பெய்யும் மழையில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. கூரையிலும் தார்ச்சாலையிலும் பெய்யும் மழைக்கு அந்த வழி இல்லை. ஒரு சிறு கணக்கு. பத்து மீட்டர் அகலமுள்ள சாலையில் ஒரு கிலோமீட்டர் நீளத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் பரப்பு 10,000 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழும் நீர் 250 கன மீட்டர், அதாவது இரண்டரை இலட்சம் லிட்டர். இது ஒரே ஒரு சாலை. இதனுடன் நூற்றுக்கணக்கான கூரைகளையும், வண்டி நிறுத்தும் இடங்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

நீர் கூடுவது மட்டுமன்று, அதன் வேகமும் கூடுகிறது. முன்பு புல்லிடையே ஊர்ந்து மணிக்கணக்கில் வந்து சேர்ந்த நீர், குழாய் வழியே நிமிடக் கணக்கில் ஓடைக்கு வந்துவிடுகிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த லூனா லியோபோல்டு 1968-இல் நகரத் திட்டக்காரர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். நிலத்தில் பாதி கூரையாலும் சாலையாலும் மூடப்பட்டு, பாதிக்கு மழைநீர்க் குழாயும் அமைந்துவிட்டால், கரை நிறைந்து ஓடும் வெள்ளங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்று அதில் கணக்கிட்டார். ஓடையின் வடிவத்தை முடிவு செய்பவை இந்த வெள்ளங்களே என்று மேலே கண்டோம். அவை நான்கு மடங்கானால் ஓடை பழைய அளவில் நிற்குமா?

அளந்தவர்கள் கண்டது

நிற்பதில்லை என்பதை லியோபோல்டு நேரிலேயே அளந்து காட்டினார். மேரிலாண்டு மாநிலத்தில் ராக்வில் நகருக்கு அருகே வாட்ஸ் பிராஞ்ச் என்ற ஓடை இருக்கிறது. அவர் அளந்த இடத்துக்கு மேலே அதற்கு நீர் தரும் பரப்பு 3.7 சதுர மைல்தான். 1953-இல் அங்கே குறுக்கு வெட்டுகளைக் குறித்து வைத்து, ஆண்டுதோறும் அளக்கத் தொடங்கினார். அப்போது அது மேய்ச்சல் நிலம். பின்னர் மேல்பக்கத்தில் வீடுகள் பெருகின. அளவீடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது.

முதலில் அவர் கண்டது எதிர்பாராதது. பன்னிரண்டு ஆண்டுகள் வரை ஓடை பெரிதாவதற்குப் பதில் சிறுத்தது. பிறகுதான் அது விரியத் தொடங்கியது. இதன் காரணத்தை மார்க்லி கோர்டன் வோல்மன் என்ற ஆற்றியல் அறிஞர் 1967-இல் விளக்கியிருந்தார். வீடு கட்டும் காலத்தில் நிலம் உழுதது போல் திறந்து கிடக்கிறது. மழை அந்த மண்ணை வாரி ஓடையில் கொட்டுகிறது. ஓடை தூர்ந்து சிறுக்கிறது. வீடுகள் முடிந்து புல் வளர்ந்ததும் மண் வரத்து நின்றுவிடுகிறது. நீர் வரத்தோ முன்னைவிடக் கூடியிருக்கிறது. மண் இல்லாத இந்த நீரை ஆற்றியலார் 'பசித்த நீர்' என்பதுண்டு. அது தன் பசியைக் கரையில் தீர்த்துக் கொள்கிறது.

1972-இல் தாமஸ் ஹாமர் என்பவர் பிலடெல்பியா நகரைச் சுற்றியுள்ள 78 சிறு ஓடைகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. மழைநீர்க் குழாய் பதித்த சாலைகளும் பெரிய வண்டி நிறுத்தங்களும்தான் ஓடையை மிகுதியாக விரிவாக்குகின்றன என்றும், நான்கு ஆண்டுகளுக்குக் குறைவான வயதுடைய குடியிருப்புகளின் விளைவு சிறிதே என்றும் அவர் கண்டார்.

இந்தக் காலத்தாழ்வை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். வீடு கட்டி விற்ற நிறுவனம் கணக்கை முடித்துக் கொண்டு போன பிறகுதான் ஓடை தன் கணக்கைத் தொடங்குகிறது.

கரை விழுவது எப்போது?

வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது கரை இடிந்து விழும் என்றுதான் நாம் எண்ணுவோம். பல வேளைகளில் நடப்பது வேறு. ஓடையின் அடித்தளத்தை நீர் உராயும் விசை நீரின் ஆழத்தையும் சரிவையும் பொறுத்தது. வெள்ளங்கள் அடிக்கடி வரும்போது முதலில் அடித்தளம் ஆழமாகிறது. அதனால் கரையின் உயரம் கூடுகிறது. ஒவ்வொரு மண்ணுக்கும் அது தாங்கி நிற்கக் கூடிய உயரம் ஒன்று உண்டு. வெள்ளத்தின்போது கரை நீரை உறிஞ்சிக் கனக்கிறது. ஆனால் எதிரே நிற்கும் நீர் அதைத் தாங்கிக் கொள்கிறது. வெள்ளம் வடிந்ததும் அந்தத் தாங்கல் போய்விடுகிறது. கனமும் உள்ளிருக்கும் நீரின் அழுத்தமும் மட்டும் மிஞ்சுகின்றன. மழை விட்டு வெயில் அடிக்கும் மறுநாள் கரை சரிவது இதனால்தான்.

இதைப் பார்க்கும் அதிகாரிக்கும் வீட்டுக்காரருக்கும் அது அந்த இடத்தின் கோளாறாகத் தோன்றுகிறது. காரணமோ இரண்டு மைல் மேலே, பத்தாண்டுகள் முன்னே இருக்கிறது.

நீதிமன்றம் ஒன்று சொன்ன தீர்ப்பு

சட்டம் இதை எப்படி நோக்கியது? அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஒரு பழைய கோட்பாடு இருந்தது. நிலத்தின்மேல் ஓடும் மழைநீர் 'பொதுப் பகைவன்'. அதைத் தன் நிலத்திலிருந்து விரட்ட ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. விரட்டிய நீர் பக்கத்து நிலத்தைக் கெடுத்தால் அது பக்கத்து நிலத்தாரின் பாடு. நீர் இயல்பாக ஓடும் வழியை யாரும் மாற்றக் கூடாது என்ற நேர் எதிரான கோட்பாடும் வேறு சில மாநிலங்களில் இருந்தது.

1956-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ராவே நகரில் ஒரு நிறுவனம் 42 ஏக்கர் நிலத்தைத் திருத்தி 186 வீடுகள் கட்டியது. அந்த நிலத்தில் ஓடிய ஓடையைக் குழாய்க்குள் அடைத்து, தெருக்களின் மழைநீரையும் அதில் சேர்த்து, தன் எல்லையில் திறந்துவிட்டது. கீழ்ப்பக்கத்து வீட்டுக்காரர்களின் கரைகள் அரித்துப் போயின. வழக்கில் தீர்ப்பெழுதிய வில்லியம் பிரென்னன் பழைய கோட்பாடுகளைக் கைவிட்டு, 'நியாயமான பயன்பாடு' என்ற அளவுகோலை ஏற்றார். நிலத்தை மேம்படுத்துவோர் நீரை வெளியேற்றலாம். ஆனால் அது பிறருக்குச் செய்யும் கேடு நியாயமான அளவை மீறினால் அவரே பொறுப்பு. ஆதாயம் ஒருவருக்கும் செலவு அயலாருக்கும் என்பது முறையன்று என்பதே தீர்ப்பின் சாரம். பிரென்னன் அதே ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாகச் சென்றார்.

காரணத்தை மேலே சென்று தேடியதில் இந்தத் தீர்ப்பு அறிவியலோடு ஒத்துப் போகிறது. ஆனால் பரிகாரத்தைப் பாருங்கள். மிச்சமிருந்த ஓடையையும், அது சேரும் மில்டன் ஏரி வரை, நிறுவனத்தின் செலவிலேயே குழாய்க்குள் அடைக்க வேண்டும் என்பதே உத்தரவு. கரை காப்பாற்றப்பட்டது. ஓடை மறைந்தது. நீரின் அளவோ வேகமோ குறையவில்லை. அது வந்து விழும் இடம்தான் மாறியது.

மேலும், அந்த வழக்கில் கேடு செய்தவர் ஒருவர்; அவரைச் சுட்டிக் காட்ட முடிந்தது. மேல்பக்கத்தில் ஐயாயிரம் கூரைகளும் ஐம்பது தெருக்களும் இருந்தால் யார்மீது வழக்குப் போடுவது? ஒவ்வொரு கூரையின் பங்கும் அணுவளவு. எல்லாம் சேர்ந்தால் ஒருவரது தோட்டம் போய்விடுகிறது. தனி மனிதரின் வழக்கு தோற்கும் இந்த இடத்தில்தான் மாநகராட்சியின் கொள்கை வேண்டியிருக்கிறது.

சார்லட் நகரம் செய்ததும் செய்யாததும்

வட கரோலினா மாநிலத்தில் உள்ள சார்லட் நகரம் இதில் ஓரளவு துணிந்து இறங்கியது. 1993-இல் அது மழைநீர்ப் பணிகளுக்கெனத் தனித் துறை ஒன்றை அமைத்து, அதற்கென்று கட்டணமும் வாங்கத் தொடங்கியது. நீர் புகாத பரப்பை அடிப்படையாகக் கொண்டது அந்தக் கட்டணம். கூரையும் தளமும் மிகுந்தால் கட்டணமும் மிகும். தராசில் கை வைத்தவர்களிடமே பணம் கேட்கும் முறை என்பதால் இதைப் பாராட்ட வேண்டும்.

தனியார் நிலத்திலும் இந்தத் துறை வேலை செய்தது. பொதுத் தெருவின் நீர் அந்த நிலத்தின் வழியே ஓட வேண்டும், வேலைக்கு வேண்டிய இடத்தில் நுழையும் உரிமையை உரிமையாளர் எழுதித் தர வேண்டும் என்பவை விதிகள். தெரு நீர் வந்தால் தெருவுக்கு உரியவருக்கும் பொறுப்பு உண்டு என்ற ஒப்புதல் இதில் அடங்கியிருக்கிறது.

குறை எங்கே? வேண்டுகோள்கள் தீவிரத்தின் அடிப்படையில் வரிசைப்படுத்தப்பட்டன. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் முதலிடம். தோட்டத்துக் கரை அரித்தால் கடைசி இடம். வரிசையின் கடைசியில் நின்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. உயிருக்கு முதலிடம் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அரிப்பு, காத்திருக்கும் நோயன்று. நான்கு அடி உயரத்தில் இருக்கும்போது சரிவாக்கிச் செடி வைத்துக் காத்துவிடக் கூடிய கரை, பன்னிரண்டு அடி உயரமாகிவிட்டால் பாறையும் கான்கிரீட்டும் கேட்கும். இன்று சிறிய வேலை என்று தள்ளி வைப்பதுதான் நாளைய பெரிய வேலையாகிறது.

மாநகராட்சியின் பக்கம்

மறுபக்கத்தையும் கேட்பதே முறை. பொதுப்பணத்தைத் தனியார் சொத்தை மேம்படுத்தச் செலவிடலாமா என்பது மெய்யான கேள்வி. மாநில அரசியல் சட்டங்கள் பல அதைத் தடுக்கவும் செய்கின்றன. ஓடையின் அழகுக்காகவே கரையை ஒட்டி வீடு வாங்கியவர்கள் உண்டு. கரையோரப் புதர்களை வெட்டிப் புல்தரை போட்டுத் தாங்களே அரிப்பை விரைவுபடுத்தியவர்களும் உண்டு. நகரத்தின் எல்லா ஓடைகளையும் கட்டிக் காக்கும் பணம் எந்த மாநகராட்சியிடமும் இல்லை.

இவை எல்லாம் உண்மை. ஆயினும் இவை சொல்வது 'எவ்வளவு செய்ய முடியும்' என்பதைப் பற்றி. 'யார் காரணம்' என்பதற்கு இவை விடையல்ல. வீட்டுத் திட்டங்களுக்கு அனுமதி அளித்தது மாநகராட்சி. தெருக்களைப் போட்டதும், குழாயைப் பதித்து ஓடையில் திறந்ததும் பெரும்பாலும் அதன் மேற்பார்வையிலேயே. வரும் வரைக்கும் பொது நீர், வந்த பிறகு தனியார் கரை என்று பிரிப்பது கணக்குப் புத்தகத்துக்குப் பொருந்தலாம், ஓடைக்குப் பொருந்தாது.

இந்த விதியின் இன்னொரு தீங்கும் கவனிக்கத்தக்கது. 'உன் கரையை நீயே பார்த்துக் கொள்' என்றால் பணம் உள்ளவர் சுவர் எழுப்புவார். சுவர் அவர் கரையைக் காக்கும். நீரின் வேகத்தைக் குறைக்காது. சுவரில் மோதிய நீர் எதிர்க்கரையையும், சுவர் முடியும் இடத்தையும் அரிக்கும். அடுத்த வீட்டுக்காரருக்குச் சுவர் எழுப்ப வசதி இல்லை என்றால் அவர் தோட்டம் போகும். சாதாரண வீட்டுக் காப்பீடு மண் பெயர்ந்து வரும் இழப்பை ஏற்பதுமில்லை. ஓடையே எல்லையாக இருந்தால், மெல்ல மெல்ல அரித்த நிலத்தின் உரிமையும் போய்விடும் என்பது பழைய சட்ட மரபு. ஆக, மேலிருப்பவர் எல்லாரும் சேர்ந்து செய்த செலவை, கீழிருப்பவருள் இயலாதவர் கட்டுகிறார்.

குளம் வெட்டினால் போதுமா?

மேல்பக்கத்தில் தேக்கக் குளங்கள் வெட்ட வேண்டும் என்று பல நகரங்கள் விதி செய்தன. நல்லதே. ஆனால் பல விதிகள் பெருவெள்ளத்தின் உச்சத்தைக் குறைப்பதை மட்டுமே நோக்கமாகக் கொண்டன. குளத்தில் தேங்கிய நீர் பின்னர் நடுத்தர வேகத்தில் நெடுநேரம் வெளியேறுகிறது. உச்சம் குறைந்தது, அரிக்கும் நேரம் நீண்டது. வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குப் பகுதி விதிகள் இந்தப் பிழையைத் திருத்திக் கொண்டன. நீர் எவ்வளவு உயர்கிறது என்பதோடு, அரிக்கக் கூடிய அளவில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையும் அவை கட்டுப்படுத்துகின்றன.

இனிக் கட்டப்போகும் வீடுகளுக்கு வேறொரு வழியும் உண்டு. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் 2013-இல் நிறைவேற்றிய விதிகளில் 'அரிப்பு அபாய மண்டலம்' என்ற கருத்தைச் சேர்த்தது. ஓடையின் நடுக்கோட்டிலிருந்து 100 அடிக்குள் கட்டுவதானால், ஓடை வருங்காலத்தில் எவ்வளவு விரியக் கூடும் என்பதை முதலில் ஆராய வேண்டும். ஓடை நகரும் என்பதை ஏற்று, அதற்கு இடம் விட்டுவிட்டு வீடு கட்டும் முறை இது. முன்பே கட்டிய வீடுகளுக்கு இது உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முடிவாக

எனவே நமது மதிப்பீடு இது. ஒரு நகரத்தின் ஓடைக் கொள்கையைச் சோதிக்க மூன்று கேள்விகள் போதும். பொறுப்பின் எல்லை நில அளவையாளரின் கோட்டிலா, அல்லது ஓடைக்கு நீர் தரும் பரப்பு முழுவதிலும் வைக்கப்பட்டிருக்கிறதா? கட்டணம் நீரை அனுப்புபவரிடம் வாங்கப்படுகிறதா, அதைப் பெறுபவரின் தலையில் விழுகிறதா? வேலை கரை தாழ்ந்திருக்கும்போதே நடக்கிறதா, வீடு தொங்கும்போது நடக்கிறதா? சார்லட் இரண்டாம் கேள்வியில் தேறுகிறது, முதலாவதில் பாதி தேறுகிறது, மூன்றாவதில் தவறுகிறது. நாம் தொடக்கத்தில் கண்ட பதில் கடிதம் மூன்றிலும் தவறுகிறது.

மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தட்டில் ஈரமணலைச் சரிவாகப் பரப்பி, விரலால் ஓடை ஒன்று வரையுங்கள். மேல் முனையில் ஈரத் துணியை வைத்து அதன்மேல் ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றுங்கள். பிறகு மணலைச் சீர் செய்து, துணியை எடுத்துவிட்டு, அதே குவளை நீரை ஓட்டுக்குழாய் ஒன்றின் வழியே விடுங்கள். நீரின் அளவு ஒன்றே, கரைகளைப் பாருங்கள். இப்போது ஒரு பக்கக் கரைக்கு மட்டும் அட்டையால் சுவர் வைத்து மீண்டும் விடுங்கள். எதிர்க்கரை என்ன ஆகிறது என்று பார்த்த பிறகு, அந்தக் கரையைப் பேணும் பொறுப்பு யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.